ஆளுக்கு ஒரு விரல் உயரம்

எங்கள் வீட்டு வரிசைக்கு முன்பக்கம் ஒரு ரோடு, பின்பக்கம் ஒரு சந்து. ரோட்டுக்குப் பெயர் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, பலகைக் கம்பத்தில் வட்டிக்குப் பணம் தருகிறவர்களின் ஸ்டிக்கர்கூட இருக்கிறது. சந்துக்கு ஒன்றும் இல்லை. கிள்ளானில் எங்கள் தாமானை, அதாவது இந்தக் குடியிருப்பை, கட்டினவர்கள் பின்னால் இப்படி ஒன்றை விட்டுவைத்தார்கள். தீப்பிடித்தால் ஓடுவதற்காம். நாங்கள் அதில் துணி காயவைத்தோம், மீன் கழுவினோம், சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசினோம்.

மொத்தம் பத்து வீடு. சந்தின் தலைமாட்டில் மெயின் ரோடு. அந்த முக்கில் ஒரு தேத்தண்ணிக் கடை, தகரக் கூரையும் நாலு மேசையும். கால்மாட்டில், சந்து முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், பத்தாவது வீடு. ஒரு பக்கம் எங்கள் பின்வாசல்கள், எதிர்ப்பக்கம் ஒரு கிடங்கின் நீளச் சுவர். சுவரை ஒட்டி லோங்காங். மழைத்தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தச் சாக்கடையில் போய் விழவேண்டும் என்பது ஏற்பாடு. என் வீடு நாலாவது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.

பத்தாவது வீட்டில் அங்கிள் இருக்கிறார். இரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்து, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைக் கழித்து, பென்ஷனோடு இங்கே வந்தவர். தண்டவாளம் எங்கே தாழ்ந்திருக்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தே சொல்லிவிடுவாராம். இனிப்புநீர் முற்றி, இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி வந்தது. கையில் பலம் இருந்தது, தானே தள்ளிக்கொண்டு போவார். ஆனால் எங்கே போவது? முன்ரோட்டில் இரண்டு பக்கமும் கார், நடுவில் லோரி. பின்சந்தோ, தார் பெயர்ந்து, குழி விழுந்து, குழியில் தண்ணீர் தேங்கி, தண்ணீரில் வாத்து மட்டும்தான் இல்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போகவேண்டும். பாலும் சீனியும் போடாத தே ஓ ஒன்று குடித்து, பழைய கூட்டாளிகளோடு டாம் காய்ப் பலகையில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வரவேண்டும். அதுவும் தனியாக.

“ஒரு மனுஷன் ரெண்டு எடத்துக்கு யாரையும் கூப்பிடாம போகணும் தம்பி,” என்றார் என்னிடம். “ஒண்ணு கக்கூஸ். இன்னொண்ணு தேத்தண்ணிக் கடை. மொத எடத்துக்கு எம்மக பிடிச்சுக்கக் கம்பி அடிச்சுக் குடுத்துட்டா. ரெண்டாவது எடம் நீங்கள்லாம் பாத்து செய்யறதுல இருக்கு.”

வேனில் டாஷ்போர்டுக்குள் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் சந்தா வரவுக்காக வாங்கியது. காதில் விழுகிற நல்ல பேச்சை எழுதியே அது தீர்ந்துபோகும். இதையும் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு விட்டிருந்தால் இவ்வளவு கதை இல்லை.

முனிசிபல் ஆபீசில் போய்க் கேட்டோம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். உங்கள் சந்து பட்டியலில் இருக்கிறது, முறை வரும்போது போடுவார்கள்; அவசரமென்றால் குடியிருப்பவர்களே செலவு செய்து போட்டுக்கொள்ளலாம், எழுதிக் கொடுங்கள், அனுமதி வாங்கித் தருகிறேன் என்றாள். வந்து அங்கிளிடம் சொன்னேன்.

“வரிசையில நிக்கச் சொல்றாங்களா? எனக்கு இருக்கிறது ஒரு காலு லா. ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

அப்படித்தான் நாங்களே போடுவதென்று முடிவானது.

முடிவான மறுநாளே யார் எவ்வளவு தருவது என்ற பேச்சு ஆரம்பித்தது. முதல் கூட்டம் ஏழாவது வீட்டு ஐயா வீட்டில். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுப் பூனை குட்டி போட்டால்கூட தேதி எழுதி ஃபைலில் வைக்கிற ஆள். அவரே பொருளாளர். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பத்தாகப் பிரித்து ஆளுக்குச் சமமாகப் போடலாம் என்றார் ஐயா. மூன்றாவது வீட்டு அக்கா, எனக்குப் பக்கத்து வீடு, உடனே கையைத் தூக்கினார்.

“நான் பின்வாசலத் தொறக்கறதே தீபாவளிக்குத் தீபாவளி. கழுவி விட்டுட்டு மூடிடுவேன். தினம் மோட்டார்சைக்கிள் ஓட்டறவங்களும் நானும் ஒண்ணா?”

“அப்ப மோட்டாருக்குத் தனி, காருக்குத் தனி,” என்றார் ஐயா, எழுதிக்கொண்டே.

“காரு முன்னாடி நிக்குது. பின்னாடி எதுக்கு அதுக்குக் காசு?” இது ஐந்தாவது வீடு.

“அப்ப தலைக்கு இவ்வளவு எண்டு போடுவம்.”

“எங்க வீட்ல ஏழு தல. அதுல மூணு தல பால் குடிக்குது. அதுங்களுக்கு எதுக்கு ரோடு?” இது ஒன்பதாவது வீடு.

இரண்டாவது கூட்டத்தில் துணிக்கொடிக்கு எவ்வளவு என்று பேச்சு போனது. மூன்றாவது கூட்டத்தில், பூனைகள்தான் அதிகமாக நடக்கின்றன, பூனை வளர்ப்பவர்கள் கூடத் தரவேண்டும் என்று ஒருவர் சொல்ல, ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டார். அங்கிள் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் கூட்டம் கலைந்து, சந்தும் அதோடு போயிருக்கும்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அவரவர் வீட்டுப் பின்னால் இருக்கிற துண்டுக்கு அவரவர் காசு. ஒரே கண்டிராக்டர், ஒரே வாரம். ஆனால் உன் துண்டுக்கு நீ கொடு, என் துண்டுக்கு நான் கொடுக்கிறேன். சிமெண்டா, சிவப்புக் கல்லா, உன் விருப்பம்.

கைதட்டினார்கள். மூன்றாவது வீட்டு அக்கா எழுந்துவந்து எனக்கு இன்னொரு கேசரி வைத்தார். “படிச்சவங்க பத்துப் பேரு யோசிக்காததை வேன் ஓட்டற தம்பி யோசிச்சிட்டாரு,” என்றார். அந்தக் கேசரி இனித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அங்கிள் மட்டும் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, காசு துண்டு துண்டா வாங்கிக்க. மட்டம் துண்டு துண்டா போயிடக்கூடாது. தண்டவாளம் போடறப்ப ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேற மட்டமா போடுவாங்களா?”

“அது நான் பாத்துக்கறேன் அங்கிள்.”

இந்த வாக்கியத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் வாக்கியங்களில் அந்த நோட்டில் இருப்பது அது ஒன்றுதான்.

கண்டிராக்டர் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த சீனர். சின்ன வயதில் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அங்கிள் மடியில் ஒரு பழைய ரசமட்டத்தை வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கினார். இரயில்வேயில் இருந்து வரும்போது கொண்டுவந்த ஒரே சொத்து அது. பித்தளைக் கட்டம், நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. பத்து வீட்டுக்கும் ஒரே மட்டம். சுவர்ப் பக்கமாக மட்டும் லேசான சாய்வு. தண்ணீர் நேராக லோங்காங்குக்குப் போய்விடும், யார் வீட்டுக்கும் வராது. கண்டிராக்டர் புரிந்தது என்றார். நாங்களும் புரிந்தது என்றோம்.

சிமெண்டுக் கலவை லோரி சந்துக்குள் திரும்ப முடியாது. அதனால் உள்கோடியில் ஆரம்பித்துப் போட்டுக்கொண்டே வெளியே வரவேண்டும். முதலில் பத்தாவது வீடு. அங்கிள் சொன்ன இடத்தில் நூல் கட்டி, சொன்ன மட்டத்தில் போட்டார்கள். மறுநாள் ஒன்பதும் எட்டும். இப்படி ஒவ்வொன்றாகத் தலைமாட்டை நோக்கி வந்தது வேலை. போட்டதன்மேல் உடனே ஈரச் சாக்கு விரித்தார்கள். வெயிலில் வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் சாக்கு கிடக்கவேண்டும், யாரும் மிதிக்கக்கூடாது.

நான் காலையில் வேன் எடுத்தால் மூன்றரைக்குத்தான் வீடு. புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது என் மனைவி போன் செய்தாள். குரல் ரகசியமாக இருந்தது.

“அஞ்சாவது வீட்டுக்குப் போட்டு முடிச்சிட்டாங்க. சாக்கு ஓரத்தைத் தூக்கிப் பாத்தேன். ஆறாவது வீட்டு மட்டத்தவிட ஒரு விரல் ஒசரமா இருக்கு.”

“ஒரு விரல்தானே.”

“போன பெரிய மழையில அடுப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சே, அது எத்தனை விரல்னு அளந்தா வந்துச்சு? அவங்க ஒசரத்துல இருந்தா அவங்க தண்ணி எங்க வரும்? நம்மளுக்கும் அதைவிட ஒரு விரல் கூடப் போடச் சொல்லவா?”

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் வேனை நோக்கி ஓடிவந்தார்கள். நான் சொன்னேன்: “சொல்லு. ஆனா மெதுவா சொல்லு. யாருக்கும் கேக்க வேணாம்.”

அன்று ராத்திரி கொஞ்சம் உறுத்தியது. ஒரே ஒரு வீடு ஒரே ஒரு விரல் ஏறினால் என்ன வந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஐயா அழைப்பிதழ் அடித்து, ஒரே சந்துக்குள் இருக்கிற பத்து வீட்டுக்கும் உறை போட்டுக் கொடுத்திருந்தார். தலைமாட்டில் வாழைமரம் இரண்டு, வடை ஒரு அண்டா. கண்டிராக்டரும் ஆட்களும் சாக்கைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். சந்து புதிதாக மின்னியது. ஒன்பதாவது வீடு சிவப்புச் சிமெண்டு. ஆறாவது வீடு, மீன் பாசார் தரை மாதிரி கோடு கோடாக. மூன்றாவது வீட்டு அக்கா, குளியலறை கட்டி மிஞ்சிய நீல டைல்ஸைப் பதித்திருந்தார். அதில் டால்பின் குதித்துக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு, பத்துப் பேர் ஆளுக்கொரு துணி கொண்டுவந்து தைத்த போர்வை மாதிரி இருந்தது.

அங்கிள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு வெளியே வந்தார். அவர்தான் முதல் ஆள், அவர் போனபிறகுதான் மற்றவர்கள் என்று பேச்சு. தன் துண்டில் சக்கரத்தை இரண்டு தள்ளு தள்ளினார். நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் கைதட்டினோம்.

ஒன்பதாவது வீட்டு ஓரத்தில் முன்சக்கரம் முட்டி நின்றது.

பின்னால் வந்து, கொஞ்சம் வேகம் எடுத்து, மறுபடி தள்ளினார். மறுபடி முட்டியது. மூன்றாவது தடவை முட்டியபோது கைதட்டல் நின்றுவிட்டது. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, பிள்ளைகள் விழாமல் இருக்கச் சைக்கிள் பக்கத்தில் வைக்கிற மாதிரி. அதற்கு ஒரு விரல் உயரம் ஒரு சுவர்.

அங்கிள் ஒரு கண்ணை மூடினார். தலையைத் தாழ்த்தி, சந்து நெடுக மெயின் ரோடு வரைக்கும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரிடமும் இல்லாமல் கேட்டார்:

“சந்து போடச் சொன்னோமா, ஏணி போடச் சொன்னோமா?”

எல்லாரும் கண்டிராக்டரைப் பார்த்தோம். அவர் கையில் வடை இருந்தது.

“என்னை ஏன் பாக்கறீங்க? ஒன்பது வீட்லயும் ஒரு விரல் ஏத்தச் சொன்னீங்க. எல்லாரும் ஐஸ் தண்ணி கொடுத்து, கேட்டுக்கு நடுவுல மூஞ்சை வச்சு, யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. அவங்கவங்க காசு, அவங்கவங்க பாஸ். எனக்கு ஒன்பது பாஸ்.” வடையைக் கடித்தார். “இன்னும் ரெண்டு தாமான் சேர்ந்திருந்தா மாடியே கட்டி இருப்பேன்.”

ஒன்பது வீடும் ஒன்றை ஒன்று பார்க்காமல் வாழைமரத்தைப் பார்த்தது. பத்தாவதைவிட ஒன்பது ஒரு விரல் ஏற, அதைப் பார்த்து எட்டு ஒரு விரல் ஏற, கடைசியில் முதல் வீடு சந்துக்கே ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இந்தத் தந்திரத்தைச் செய்ததாக நினைத்திருக்கிறோம். அங்கிளின் துண்டு மட்டும் சொன்ன மட்டத்தில், எல்லாருக்கும் கீழே.

அன்று சாயங்காலமே மழை. தண்ணீர் லோங்காங்குக்குப் போகவில்லை என்று சொல்லமுடியாது; பாதி போனது. மீதி பாதி, படி படியாக இறங்கி, மரியாதையாக அங்கிள் வீட்டு வாசலில் போய் நின்றது.

செய்த தப்புக்குப் பிராயச்சித்தம் தேடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைவிட ஆபத்தானவர்கள் இல்லை. மறுநாள் அவசரக் கூட்டம் போட்டோம். உடைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. உடைத்தால் யார் முதலில் உடைப்பது? முதலில் இறங்குகிறவன் வீட்டுக்குத்தானே எல்லார் தண்ணீரும் வரும். அதற்குப் பதில் ஐயா ஒரு திட்டம் கொண்டுவந்தார். படிக்கு ஒரு ஆள். நாலு மணிக்கு அங்கிள் புறப்பட்டதும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து தன் வீட்டுப் படியில் நாற்காலியைத் தூக்கி ஏற்றிவிட வேண்டும். அட்டவணை அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒன்பது பின்வாசலிலும் ஒட்டினார். என் வீட்டுக்கு நேரம் நாலு மணி பன்னிரண்டு நிமிடம்.

எங்களுக்கு அது பிடித்திருந்தது. ஒன்பதாவது வீட்டில் ஏற்றிவிட்டு, “இருங்க அங்கிள், ஒரு வாய் பாயசம், சீனி போடல” என்பார்கள். எட்டாவது வீட்டில் முதுகுக்குத் தலையணை. ஆறாவது வீட்டில் மருமகளைப் பற்றிய புகார். என் வீட்டில் என் மனைவி உளுந்து வடை தருவாள். மூன்றாவது வீட்டு அக்கா, டால்பின் வழுக்கும் என்று நாற்காலிக்கு முன்னால் துண்டு விரிப்பார். அங்கிள் கடைக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்து ஆகியிருக்கும், வயிறு நிறைந்திருக்கும், கூட்டாளிகள் ஆட்டத்தை முடித்துக் காயைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். திரும்பி வரும்போது ஒன்பது குதி. ஒவ்வொரு குதிக்கும் அவர் பல்லைக் கடிப்பது தெரியும். நாங்கள், “மெதுவா, மெதுவா” என்போம்.

இரண்டு வாரம். பதினைந்தாம் நாள் நாலு மணிக்கு அவர் பின்கதவு திறக்கவில்லை. ஒன்பது வீட்டு வாசலிலும் ஒன்பது பேர் காத்துக்கொண்டு நின்றோம். நாலரைக்கு நான் போய்த் தட்டினேன். கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தே பேசினார்.

“நான் என்ன சாமி தேரா தம்பி, வீடு வீடா நிறுத்தித் தீபாராதனை காட்டறதுக்கு?”

“அப்படி இல்ல அங்கிள், எல்லாரும் ஆசையாத்தான்...”

“ஆசைதான். தெரியுது. நான் கேட்டது என்னான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. எழுதியே வைத்திருந்தேன்.

“நோட்டுல எழுதறியே, அதை ஒருக்கா எடுத்துப் படி,” என்றார். பிறகு உள்ளே டிவி சத்தம் கேட்டது.

அப்புறம் அவர் வெளியே வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஆஸ்பத்திரிக்குக்கூட முன்வாசலில் கார் வைத்துக் கூட்டிப்போனாள் மகள். வழியில் பார்த்தபோது, “அப்பா நாலு மணிக்குச் சட்டை போடறாரு அண்ணே. போட்டுக்கிட்டு உட்காந்திருக்காரு. அஞ்சு மணிக்குக் கழட்டிடறாரு,” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வேனை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் கண்டிராக்டருக்குப் போன் செய்தேன். என் துண்டை மட்டும் உடைத்து, அங்கிள் மட்டத்துக்கு இறக்கவேண்டும் என்றேன்.

“பாஸ், ஏத்தறதுக்கு ஒரு ரேட்டு. இறக்கறதுக்கு ரெண்டு ரேட்டு. உடைக்கணும், அள்ளணும், திரும்பப் போடணும்.”

“சரி.”

“நடுவுல நீ மட்டும் இறங்கினா அது சந்து இல்ல, மீன் தொட்டி.”

“சரி.”

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்படியில் இருந்த அரிசி டின்னையும் மாவு டப்பாவையும் தூக்கி மேலே வைத்தாள். அவளும்தானே ஒரு விரல் கேட்டவள்.

உடைத்து இறக்கினார்கள். உடைத்த சில்லு போய் லோங்காங் வாயை அடைத்தது யாருக்கும் தெரியவில்லை. சரியாக அன்றைக்கு மழை. மறுநாள் விடிந்தபோது என் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். ஐந்தாவது வீட்டுத் துடைப்பம் அதில் மிதந்தது. மூன்றாவது வீட்டு அக்காவின் ஒற்றைச் செருப்பு மிதந்தது. சந்தே வந்து வேடிக்கை பார்த்தது. ஐயா குடை பிடித்துக்கொண்டு வந்து ஆழத்தைக் குச்சியால் அளந்து குறித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, நீச்சல் குளமா?” என்றார் அக்கா.

“உங்க டால்பினுக்குத்தான் அக்கா. எத்தனை நாளைக்குத் தரையில குதிக்கும்?”

சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போகப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, போகமுடியாது என்று. ஐந்தாவது வீட்டுத் தம்பியின் மோட்டார் அவன் ஓரத்திலிருந்து என் குளத்துக்குள் தொப்பென்று இறங்கியது, எதிர்ப்பக்கம் ஏறவில்லை. அங்கே அக்காவின் ஓரம் என்னைவிட ஏழு விரல் உயரத்தில் நின்றது. என்னால் சந்து இரண்டாக வெட்டுப்பட்டுவிட்டது. ஆறாவது வீட்டுக்கு கேஸ் தோம்பு கொண்டுவருகிற ஆள், தள்ளுவண்டி தாண்டாது என்று தோம்பை அக்கா வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் நாலு நாள் பொறுத்தார்கள். பிறகு ஐந்தாவது வீட்டுத் தம்பி கண்டிராக்டரைக் கூப்பிட்டான். என்மேல் அன்பு வந்து இல்லை. மோட்டார் மட்கார்ட் இரண்டாவது தடவை உடைந்துவிட்டது. ஐந்து இறங்கினதும் ஆறு நின்ற இடம் மேடையாகிவிட்டது. ஆறு இறங்கியது, பின்னாலேயே ஒன்பது வரைக்கும். மேல்பக்கம் ஒன்றும் இரண்டும்கூட இறங்கின. ஏறினபோது எப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏறினோமோ அப்படியே இறங்கினோம். நல்ல எண்ணம் என்று யாரும் பெருமை பேசமுடியாது.

கடைசியில் நின்றது மூன்றாவது வீட்டு அக்கா. டைல்ஸை உடைக்க மனம் வரவில்லை. உளியை எடுத்த ஆளை நிறுத்திவிட்டு, தானே உட்கார்ந்து ஒரு டால்பினை முழுசாகப் பெயர்த்து எடுத்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் சாய்த்து வைத்தார். மீதியை உடைக்கச் சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “அந்த மனுஷன் சட்ட போட்டுக்கிட்டு உட்காந்திருக்காராமே, அவரு மக சொல்றா,” என்றார் என்னிடம். “அத நீ முன்னாடியே சொல்லி இருக்கக்கூடாதா? நான் என்ன கல்லா?”

சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. மாதக்கணக்கில் விரலை அளந்தோம், இதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

லோங்காங்கைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். பத்துத் துண்டும் ஒரே சிமெண்டு, ஒரே சாம்பல் நிறம், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் சாக்கு கிடந்தது. இந்தத் தடவை திறப்பு விழா வேண்டாம் என்று ஐயாவே சொன்னார். “அவரைப் பார்த்துக்கொண்டு நிக்க வேண்டாம். தன்பாட்டில போய் வரட்டும்.”

சாக்கு எடுத்த அன்று நாலு மணிக்கு யாரும் பார்க்கவில்லை. அதாவது, ஒன்பது வீட்டிலும் எல்லாருக்கும் பின்வாசலில் வேலை இருந்தது. ஒன்பதாவது வீட்டில் காய்ந்த துணியை மறுபடி பிழிந்தார்கள். ஐயா செடி இல்லாத பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் வேனின் கண்ணாடியை ஏற்கெனவே துடைத்திருந்தேன். கையில் அந்தத் துணியை வைத்துக்கொண்டு, துடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கேட்டைத் துடைத்தேன்.

கோடி வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை. கைப்பிடிகளுக்குக் குறுக்கே அந்த ரசமட்டம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, அதில் இருந்த குமிழியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதைத் தாண்டினார். சக்கரம் சத்தமே போடவில்லை. எட்டு. ஏழில் ஐயா ஊற்றிய தண்ணீர் தொட்டிக்கு வெளியே விழுந்தது. ஆறு. ஐந்து.

என் வாசலுக்கு நேரே வந்ததும் நாற்காலி நின்றது. அங்கிள் குமிழியைக் குனிந்து பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தட்டினார். மறுபடி பார்த்தார்.

“இங்க அரை விரல் இருக்கு,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். அந்த அரை விரலில் நாற்காலி லேசாக ஏறி இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. முக்கில் திரும்பும்போது டாம் காய் மேசையிலிருந்து யாரோ, “அடடே, இவனா, இவ்ளோ நாளா எந்த ஸ்டேஷன்ல நின்னே?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“சிக்னல் விழல,” என்றார் அங்கிள்.

துணியைக் கேட்டில் போட்டுவிட்டுக் குனிந்து, தரையோடு கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தலை தூக்கிப் பார்த்தால், ஐந்தாவது வீட்டுத் தம்பியும் மூன்றாவது வீட்டு அக்காவும் அவரவர் வாசலில் அதே மாதிரி குனிந்திருந்தார்கள்.